தீபாவளிக்கு அடிக்கும் பெயின்ட்

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் தீபாவளி நெருங்கினால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது பழக்கம். ஊவாவில் அடைமழை பிடிப்பதும் அப்போதுதான். மற்ற மலைநாட்டை நனைக்கும் தென்மேற்குப் பருவம் இங்கே காய்ந்த காற்றாகத்தான் வந்து சேர்கிறது. நமக்கான மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். அந்த ஈரத்தில் சுவருக்குச் சாயம் பூசுவது சுண்ணாம்புக் காலத்தில் பிழையாக இருக்கவில்லை. இன்று பிழை.

அன்று தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு அடித்தது சுட்ட சுண்ணாம்பு. வெட்டிய பீப்பாயில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதித்துக் குழையும். ஆறிய பிறகு கொஞ்சம் உப்பு, ஒட்டிப் பிடிக்கக் கஞ்சித்தண்ணீர், வெண்மை எடுப்பாகத் தெரியத் துணிக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை. தும்புக் கட்டால் இழுத்தால் முதலில் ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்து மறுபடி கல்லாவதற்குச் சுண்ணாம்புக்குச் சற்று ஈரம் தேவை. வெயிலில் பொசுக்கென்று காய்ந்தால் பொடியாக உதிர்ந்துவிடும். ஆகவே ஐப்பசி மூட்டம் அதற்கு உதவியாகவே இருந்தது. கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர் நிலத்திலிருந்து உறிஞ்சும் நீரும் சுண்ணாம்பின் வழியே வெளியேறிவிடும். சுவரில் திட்டு விழாமலில்லை. ஆனால் அடுத்த வருடத்துப் பூச்சு அதை மூடிவிடும். மழைச்சேறு தெறிக்கும் அடிப்பகுதிக்குத் தாரோ காவியோ ஒரு பட்டை. அதோடு வேலை முடிந்தது.

இதைச் சொல்வதால் லயத்தைப் புகழ்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுமார் 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் ஒரு முழுக் குடும்பத்தை அடைத்துவிட்டு வெளியே வெள்ளை பூசினால் அது வீடாகிவிடாது. நிறமும் குடியிருப்பவர் தெரிவு இல்லை. லயம் தோட்டத்துச் சொத்து. வரிசை முழுவதும் ஒரே வெள்ளை.

நிறம் மாறியது சொந்த வீட்டோடுதான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை விழுங்கியது. பிழைத்தவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கட்டிக் கொடுக்க இரண்டு வருடம் ஆயிற்று. இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள் வந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். 7 பேர்ச் காணி, புளொக் கல் சுவர், சீமெந்துப் பூச்சு. காணி உறுதி கைக்கு வராதவர்கள் இன்னும் நிறையப் பேர். ஆனாலும் உறுதிக்கு முன்னமே நிறம் வந்துவிட்டது. ஒரு வீடு இளஞ்சிவப்பு, பக்கத்து வீடு பச்சை, அதற்கடுத்தது மாம்பழ மஞ்சள். கண்ணைக் குத்துகிறது என்று முகம் சுளிப்பவர்கள், அந்த வீட்டுக்காரரின் பாட்டனுக்குத் தன் சுவரின் நிறத்தில் எந்தப் பேச்சும் இருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

தொல்லை இரண்டாம் மழையோடு தொடங்குகிறது. பூச்சு உடைந்த இடத்தில் வைத்த புதுச் சாந்து தேமலாகத் தெரியும். கீழே உப்புப் பூக்கும், வடக்குப் பக்கம் பாசி ஏறும். உடனே ஹாட்வெயார் கடைக்குப் போய், இருப்பதில் விலை கூடிய வாளியைக் கேட்கிறோம். விலை கூடிய பெயின்ட் திட்டை மறைக்கும் என்பது கடைக்காரரின் நம்பிக்கை, சுவரின் நம்பிக்கையல்ல. இன்றைய எமல்ஷன் சுவர்மேல் மெல்லிய தோலாகப் படிவது. உள்ளே ஈரம் நின்றால் அந்தத் தோல் கொப்புளித்து உரியும். பழைய லயச் சுவரில் பல வருடத்துச் சுண்ணாம்பைச் சுரண்டாமல் மேலே எமல்ஷன் அடித்தால், பெயின்ட் சுண்ணாம்பையும் பிடுங்கிக்கொண்டு ஏடு ஏடாக விழும்.

வாளியைத் தெரிவு செய்வதற்கு முன் சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு ஒட்டினால் சுரண்டி, கழுவி, காயவிட்டு, சீலர் அடிக்காமல் எதுவும் நிற்காது. ஒரு கை தண்ணீர் தெளித்தால் புதுச் சாந்து ஒரு வேகத்திலும் பழைய பூச்சு இன்னொரு வேகத்திலும் குடிப்பது தெரியும். திட்டின் மூலகாரணம் அதுதான். புதுச் சாந்தை 28 நாளாவது விட்டு, காரத்தைத் தாங்கும் சீலரை ஒட்டுப்போட்ட இடத்துக்கு மட்டுமல்ல, மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவருக்கும் அடிக்க வேண்டும். மேல்பூச்சும் அப்படியே. பாதிச் சுவரில் வாளி முடிந்து, அடுத்த வாளி வேறு நாள் கலந்ததாக இருந்தால் அதுவே புதிய திட்டு.

உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். கழுவினால் கரைந்து உள்ளேயே போகும். பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தகரக் கூரைக்குப் பீலி இல்லாததும், கூரைத்தண்ணீர் சுவரடி மண்ணில் விழுவதுமே காரணமாக இருக்கும். பீலிக்கும் ஓர் அடிக் கானுக்கும் செலவழித்தால் பெயின்ட் செலவு குறையும். பாசிக்கு வெளிற்றும் தூள் கரைசல் போதும், நன்றாக அலசிக் காயவிட்ட பின் பூசலாம்.

நிறத்தைக் கேட்டால் என் வாக்கு மங்கலான, பளபளப்பில்லாத நடுத்தர நிறத்துக்கு. பளபளப்பு மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும், கடும் நிறம் வெயிலில் வெளிறும். அடிப்பட்டைக்கு மண் நிறம், அந்தக் காலத்துக் காவியைப் போல.

காலம் என்றால் பெப்ரவரியும் மார்ச்சும். சித்திரைக்கு முன் முடித்துவிடலாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் காய்ந்த காலம்தான், ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் காலம். ஆனால் அந்தக் காற்றில் பெயின்ட் பிரஷிலேயே இறுகிக் கோடுகோடாக நிற்கும். அப்போது அடிப்பதானால் காலையில், நிழல் விழும் பக்கத்தை மட்டும். தீபாவளிக்கு உள்ளறையைப் பூசிக்கொள்ளலாம்.

வெடிப்புக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. மயிரிழை வெடிப்பு பூச்சினுடையது, பில்லர் வைத்து அடைக்கலாம். மாதத்துக்கு மாதம் அகலும் வெடிப்பு, கதவு இறுகுவது, முற்றத்து மண்ணிலும் பிளவு என்றால் நகர்வது மலையாக இருக்கலாம். அதைப் பூசி மறைக்க வேண்டாம். கிராம அலுவலரிடம் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்களை வரவழைத்துப் பாருங்கள். மழை நாளென்றால் காத்திருக்காமல் வீட்டை விட்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.