முகவரி யார் பெயரில்?

தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, பட்டணத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பிறருக்கு அகப்பக்கம் அமைத்துக் கொடுப்பதை இன்று பார்க்கிறோம். எந்தக் கணினி வாங்கலாம் என்றே அவர்கள் முதலில் கேட்கிறார்கள். அது பெரிய காரியமல்ல. நடுத்தரக் கணினியே போதும். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளும் இலவசமே.

கவனிக்க வேண்டியது முகவரியை. அதை நாம் விலைக்கு வாங்குவதில்லை. வேலை உள்ளவரை லயத்து வீடு. தவணை உள்ளவரை முகவரி. '.காம்' முகவரியை ஒரே தடவையில் 10 ஆண்டுகளுக்கு மேல் பதிய முடியாது. தவணை தவறினால் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்கு அப்படித்தான் ஆயிற்று. பக்கத்தை அமைத்துக் கொடுத்த தம்பி, எல்லாவற்றையும் தம் மின்னஞ்சலிலேயே பதிந்திருந்தார். பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். நினைவூட்டல்கள் யார் கண்ணிலும் படவில்லை. முகவரி போயிற்று, இட வாடகையும் நின்றதால் விளையாட்டுப் போட்டிப் படங்களும் போயின. படி எடுத்து வைக்காதது நம் தவறுதான்.

ஆகவே தம்பிகளே, முறுக்கு விற்கும் அம்மாவுக்குப் பக்கம் அமைத்தாலும், முகவரியை அவர் பெயரிலேயே பதிந்து, கடவுச்சொல்லையும் தவணை நாளையும் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.