பட்ட மரத்துக்கும் காட்டில் இடம் வேண்டும்

கம்மாபுரத்தை ஒட்டிய நெய்வேலிச் சுரங்கப் பகுதியில், பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிய மண் மேடுமேடாகக் குவிகிறது. பின்னர் அந்த மேடுகளில் மரக்கன்று நடுகிறார்கள். காடு வளர்ப்பு என்றாலே எத்தனை கன்று நட்டோம், எத்தனை பிழைத்தன என்றுதான் நாம் கணக்குப் பார்க்கிறோம். அந்தக் கணக்கு போதாது. பட்ட மரம் அங்கேயே சாய்ந்து, காளான் பூத்து, மக்கி மண்ணாகும் வரை கிடக்க விட்டால்தான் தோப்பு காடாகும். அந்தக் காளானை மட்டுமே நம்பி வாழும் அந்துப்பூச்சிகள் உண்டு. துணி அரிக்கும் பூச்சியின் குடும்பமான டினெய்டேயிலேயே அப்படிப் பல இனங்கள் இருக்கின்றன.

காளான் இருந்தும் பூச்சி இல்லாமல் போகலாம் என்பதற்குப் பின்லாந்தில் சான்று கிடைத்தது. அங்கே விழுந்துகிடக்கும் ஸ்புரூஸ் மரத்தில் ஃபோமிடாப்சிஸ் ரோசியா என்ற தட்டுக்காளான் வளர்கிறது. அதை அக்னதோசியா மெண்டிசெல்லா என்ற அந்துப்பூச்சியின் புழு தின்கிறது. அந்தப் புழுவின் உடலில் எல்ஃபியா சிங்குலாட்டா என்ற ஈ ஒட்டுண்ணியாக வளர்கிறது. ஆட்டே கொமோனன் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, வெட்டப்பட்ட காட்டின் நடுவே தீவுபோல் எஞ்சிய துண்டுகளில் அந்துப்பூச்சி குறைந்திருந்தது. 12 முதல் 32 ஆண்டுகள் வரை தனித்துக் கிடந்த துண்டுகளில் ஈ அறவே இல்லை. மரமும் காளானும் கண்ணுக்குத் தெரிகையிலேயே உணவுச் சங்கிலியின் மேலடுக்கு உதிர்ந்துவிட்டது. பச்சைப் பரப்பை மட்டும் அளப்பவர் இந்த இழப்பைக் காணவே முடியாது.

பனிநாட்டு நிலவரம் கடலூர் வெயிலுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். இனங்கள் வேறுதான். ஆனால் இங்கும் பட்ட கட்டையில் பிக்னோபோரஸ் சாங்குவினியஸ் என்ற செம்மஞ்சள் தட்டுக்காளான் பூக்கிறது. வெப்பத்தாலும் கரையானாலும் நம் ஊரில் கட்டை விரைவில் மக்கிப்போகும். ஒன்று தீர்வதற்குள் அருகிலேயே இன்னொன்று விழுந்திருக்க வேண்டும் என்பதால், கட்டைகளை அப்புறப்படுத்துவது இங்கே இன்னும் பெரிய கேடு.

கிடக்கும் கட்டையிலிருந்து தன் தோப்புக்குப் பூச்சி பரவும் என்ற முந்திரி விவசாயியின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. தண்டுத் துளைப்பான் தாக்கிப் பிழைக்க வழியில்லாத முந்திரி மரத்தை வேரோடு அகற்றத்தான் வேண்டும். அந்தப் புழு உயிருள்ள மரத்தைத் துளைத்துக் கொல்வது. நான் கேட்பது முந்திரித் தோப்பில் அல்ல, சுரங்க மேட்டு நடவுகளிலும் கோயில் காடுகளிலும். அடுப்புக்குச் சுள்ளி பொறுக்குகிறவர்களையும் தடுக்க வேண்டியதில்லை. சுள்ளி சீக்கிரம் காய்ந்துவிடும், அதில் பெரிய தட்டுக்காளான் நிலைக்காது. பருத்த அடிமரங்களை மட்டும் ஏலம் விடாமல் கிடந்த இடத்திலேயே விட்டால் போதும்.

என்னென்ன பூச்சிகள் இதை நம்பியிருக்கின்றன என்று அறியப் பெரிய செலவு தேவையில்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மேடுகளிலும் கோயில் காடுகளிலும் காளான்களைச் சேகரித்து, வலைத்துணி கட்டிய கண்ணாடிக் குடுவைகளில் தனித்தனியே இட்டு, எதிலிருந்து எந்தப் பூச்சி வெளிவருகிறது என்று குறித்துவைக்கலாம். கடலூர் மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல், தாவரவியல் மாணவர்கள் இந்த ஆண்டே தொடங்கலாம்.