பாதி விலைக்கு விற்றால் நட்டமா?

வரிப்பத்தான்சேனை விவசாயி நெல்லைப் பாதி விலைக்குக் கொடுத்தால் நட்டம்தான். உழவு, பசளை, அறுவடைக் கூலி என ஒவ்வொரு மூடைக்கும் செலவுண்டு. கணினி விளையாட்டுக்கு இக்கணக்குப் பொருந்தாது. உருவாக்குவதற்கே பெருஞ்செலவு, பிரதி எடுக்கச் செலவே இல்லை எனலாம்.

கனடாவின் டொரொண்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் சமையலை வைத்து 'வெண்பா' எனும் விளையாட்டை 2023 ஜூலையில் வெளியிட்டது. அமெரிக்க விலை 14.99 டொலர். ஸ்டீம் இணையக் கடை வழக்கமாக 30 வீதம் கழிக்கும். மீதி சுமார் 10.50 டொலர். பாதி விலையென்றால் 5.25 டொலர். ஆகவே விற்பனை இரு மடங்கைத் தாண்டினால்தான் விலைக்கழிவால் இலாபம்.

ஸ்டீம், இலங்கை உள்ளிட்ட சில நாடுகளுக்குத் தனியான தெற்காசிய டொலர் விலையை ஏற்படுத்தியுள்ளது. தயாரிப்பாளர் விரும்பினால், கனடாவில் குறைக்காமலே இங்கு குறைத்து விற்கலாம்.

விளையாட்டு உருவாக்கும் எமது இளைஞர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்டீமில் ஒரு விளையாட்டைப் பட்டியலிட 100 டொலர் கட்டணம். அதைக் கட்டிவிட்டு, அவசரத்தில் முதல் நாளே விலையைப் பாதியாக்காதீர்கள். ஆவலுள்ளவர் முழு விலைக்கு வாங்கட்டும்; காத்திருப்பவருக்குப் பிறகு கழிவு கொடுக்கலாம்.