ஒத்தை ஊசி... ரெண்டு முழம் நூல்!

ஒரு குட்டி டெஸ்ட். நீங்க போட்டிருக்கிற சாக்ஸோட மேல் விளிம்புல எங்கேயாவது ஒரு நூல் நீட்டிக்கிட்டு இருக்கா? ப்ளீஸ், இழுக்காதீங்க! இழுத்தா சாக்ஸ் பாதி, நூல் பாதின்னு ஆகிடும். எனக்கு ஒரு தடவை வைவா அன்னிக்கு ஆச்சு. எக்ஸாமினர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கணுக்காலைத்தான் பார்த்தார்.

ஆனா, கத்தரிக்கோலால நடுவுல வெட்டினாலும் பிரியாத ஒரு பின்னல் இருக்கு. பேரு நால்பைண்டிங். ரெக்கார்டு நோட் பைண்டிங் மாதிரி ஏதோன்னு நினைக்காதீங்க. ஸ்காண்டிநேவிய மொழிகள்ல 'நோல்'னா ஊசி, மீதி பாதிக்குக் கட்டுறதுன்னு அர்த்தம். ஒரே ஒரு ஊசி, கொஞ்சூண்டு நூல். மெஷின் கிடையாது, ரெண்டு கம்பி ஸ்வெட்டர் பின்னலும் கிடையாது. அதுக்கெல்லாம் இது கொள்ளுத்தாத்தா.

எவ்வளவு பழசுன்னா, லண்டன்ல இருக்கிற விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல ஒரு ஜோடி சிவப்பு சாக்ஸ் இருக்கு. எகிப்துல கிடைச்சது. கி.பி. 300-க்கும் 499-க்கும் நடுவுல பின்னினது. செருப்பு வார் நுழையறதுக்காகக் கட்டை விரல் தனி, மத்த விரல்கள் தனி. பார்த்தா சிரிப்பு வரும், ஆனா இன்னும் பிரியலை! இங்கிலாந்தோட யார்க் நகரத்துல காப்பர்கேட்ங்கிற இடத்தைத் தோண்டினப்ப, 10-ம் நூற்றாண்டு வைக்கிங் காலத்து கம்பளி சாக் ஒண்ணு கிடைச்சது. அதுவும் இதே ரகம்.

'சரி பாஸ், அதுக்கும் கோவில்பட்டிக்கும் என்ன சம்பந்தம்? இங்கே அடிக்கிற வெயிலுக்கு சாக்ஸா?'ன்னு கேட்கிறீங்க. நியாயம்தான். நானும் அடிப்படையில மெக்கானிக்கல் பையன். செமஸ்டர் லீவுல ஊருக்கு வந்து, யூடியூப்ல பேரிங் பத்தி வீடியோ தேடப் போய், ஏதோ ஒரு குளிர் தேசத்து அம்மா ஊசியை ஆட்டிக்கிட்டு இருந்த வீடியோல மாட்டிக்கிட்டேன். வெட்டினாலும் பிரியாதுன்னு அவங்க சொன்னதும் உள்ள இருந்த இன்ஜினீயர் முழிச்சுக்கிட்டான்.

முதல் பிரச்னை ஊசி. அவங்க வச்சிருந்தது எலும்புல செஞ்சது, தட்டையா, விரல் நீளத்துக்கு. நமக்கு எங்கே கிடைக்கும்? வீட்டு உத்தரத்துல செருகியிருந்த கோணி ஊசியை எடுத்தேன். பெரிய காது, தட்டையான முனை... பக்கா! ஒரே குறை, முனை கூர். அது நூலைக் குத்திப் பிளந்துடும். அம்மிக் கல்லுல பத்து நிமிஷம் தேய்ச்சு மழுக்கிட்டேன். (அம்மாவுக்கு இன்னும் தெரியாது.)

இப்போ பின்னலைச் சொல்றேன், போனைக் கீழே வச்சுட்டு கவனிங்க. ரெண்டு முழ நூலை ஊசியில கோத்துக்குங்க. நூலோட இன்னொரு நுனியில லூஸா ஒரு வளையம், பக்கத்துலயே இன்னொண்ணு. ஒரு வளையத்தை இடது கைப் பெருவிரல்ல மாட்டுங்க. இன்னொண்ணு விரலுக்குப் பின்னால தொங்கணும். ஊசி முதல்ல அந்தப் பின் வளையத்துக்குள்ள நுழையும். அப்படியே மூக்கைத் திருப்பிக்கிட்டு, பெருவிரல் வளையத்துக்கும் ஊசியில இருந்து வர்ற நூலுக்கும் அடியில புகுந்து வெளியே வரும். மொத்த நூலையும் இழுங்க. பெருவிரல்ல இருந்த பழைய வளையத்தைப் பின்னால நழுவ விட்டா, புது வளையம் விரல்ல வந்து உட்காரும். ஒரு தையல் ஓவர்! இதுக்கு ஆஸ்லோ தையல்னு பேர். இப்படியே சங்கிலி மாதிரி போய், வட்டமா சேர்த்து, ரெண்டாவது சுத்துல இருந்து கீழ் வரிசையில ஒரு வளையத்தையும் சேர்த்துக் குத்தி எடுத்துட்டே போனா துணி வளரும். வளையம் எவ்வளவு பெருசுங்கிறதை உங்க பெருவிரல் சைஸ்தான் முடிவு பண்ணும். ஸ்கேல், வெர்னியர் எதுவும் வேண்டாம்.

கேட்க ஈஸியா இருக்கு இல்லை? எனக்கு முதல் நாள் முழுக்க வந்தது ஒரு சிக்கு, அவ்வளவுதான். வாசல்ல உட்கார்ந்து பூ கட்டிக்கிட்டு இருந்த பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துட்டு, 'நூலை இறுக்காதடா, விரல்ல தளர விடு'ன்னாங்க. விட்டேன். வந்துடுச்சு! பூ கட்டத் தெரிஞ்ச தோழிகளே, இதுல நீங்க எங்களைவிட பத்து நாள் முன்னாடி இருக்கீங்க.

அடுத்தது நூல். இதுலதான் கதையே. தையலுக்குத் தையல் மொத்த நூலும் ஓட்டைக்குள்ள புகுந்து வரணும்கிறதால, நீளமா எடுக்க முடியாது. எடுத்தா சிக்கும், உரசி உரசி நைஞ்சும் போகும். அதனால குட்டிக் குட்டியா எடுத்து, தீரத் தீர ஒட்டுப் போடணும். வீடியோ அம்மா என்ன செய்யறாங்கன்னா, ரெண்டு நுனியையும் எச்சில் தொட்டு உள்ளங்கையில வச்சுத் தேய்க்கிறாங்க. ஒட்டிக்குது! நானும் மில் நூல்ல தேய்ச்சேன், தேய்ச்சேன்... எச்சில்தான் மிச்சம்.

காரணம் அப்புறம்தான் புரிஞ்சது. ஆட்டு ரோமத்து மேல மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கும். ஈரமும் சூடும் பட்டு உரசினா ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும். பருத்தியில செதில் கிடையாது. மைக்ராஸ்கோப்ல பார்த்தா முறுக்கின ரிப்பன் மாதிரி இருக்கும். அதைப் பிடிச்சு வைக்கிற ஒரே விஷயம் முறுக்குதான்.

முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சும் ஓட்டையில மாட்டி மானத்தை வாங்குச்சு. திண்ணையில திரி உருட்டிக்கிட்டு இருந்த ஆச்சி ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி: 'ஏலே, எச்சி தொட்டு ஒட்ட அது என்ன தபால்தலையா?'

அவங்க கையில இருந்தது வீட்டுப் பருத்தி. எங்க அப்பா மக்காச்சோளம் போடுற காட்டுல, விளக்குத் திரிக்குன்னு ஆச்சிக்காக வரப்போரம் வருஷா வருஷம் ஒரு வரிசை கருங்கண்ணி விடுவார். பஞ்சைப் பலகையில வச்சு, இரும்புக் கம்பியை உருட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுத்துட்டு, மீதியைத் தொடையில வச்சு, உள்ளங்கையில சாம்பல் தொட்டு ஒரு உருட்டு. பஞ்சைக் கொடுக்கக் கொடுக்கத் திரி நீண்டுக்கிட்டே போச்சு. நாலு முழம் ஆனதும் ரெண்டா மடிச்சு விட்டாங்க. அது தானா ஒண்ணை ஒண்ணு சுத்திக்கிட்டு ரெட்டைப் புரி நூலா நின்னுச்சு. ரெண்டு முழம். எனக்குத் தேவையான அதே அளவு!

ஒட்டுப் போடறதும் அதே டெக்னிக்தான். பழைய நூலோட நுனியை ஒரு விரல் நீளம் பிரிச்சுப் பஞ்சாக்கணும். புது நூலையும் அப்படியே. ஒண்ணு மேல ஒண்ணா வச்சு, சாம்பல் தொட்டு, ஒரே உருட்டு. இழுத்துப் பார்த்தேன், வரலை. கைத்தறியில பழைய பாவோட புதுப் பாவைப் பிணைக்கிறப்பவும் இப்படித்தான் சாம்பல் தொட்டு இழையோட இழையைத் திரிப்பாங்களாம். கம்பளிக்கு எச்சில்னா, பருத்திக்குச் சாம்பல்!

அன்னிக்குச் சாயங்காலம் அப்பாகிட்டே கேட்டேன், 'ஏன்ப்பா ஒரே ஒரு வரிசை? முன்னாடி மாதிரி காடு முழுக்கப் போடலாமே?'

'போட்டா எவன்டா வாங்குவான்? மில்லுல முதல்ல இழை நீளத்தைத்தான் கேப்பான்' என்றார்.

கருங்கண்ணி இழை ஏறக்குறைய ஒரு இஞ்ச், சில சமயம் அதுக்கும் குறைவு. இது நம்ம ஆசியாவோட சொந்த ரகம், மழையை மட்டும் நம்பிக் கரிசல்ல விளையும். ஒரு காலத்துல 'டின்னவெல்லி' பருத்தின்னு பேர் வாங்கித் தூத்துக்குடியில கப்பல் ஏறினதுல இதுவும் உண்டு. கோவில்பட்டியில இருக்கிற வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-ல தொடங்கினதே பருத்திக்காகத்தான். 'கே'ன்னு தொடங்குற கருங்கண்ணி ரகங்கள், கே 11 வரைக்கும் அதைத் தாண்டியும், அங்கே உருவானவை. ஆனா வேகமா ஓடற நூற்பு மெஷினுக்கு நீள இழைதான் தோது. அமெரிக்க இனப் பருத்தி வந்தது, 2002-ல பி.டி. பருத்திக்கு இந்தியாவுல அனுமதி கிடைச்சது, இன்னிக்கு நாட்டுல பெரும்பாலான பருத்தி நிலம் அதுதான். எங்க ஊர்ப்பக்கம் பல காடுகள் பருத்தியை விட்டே மக்காச்சோளத்துக்கு மாறிடுச்சு.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. 'இழை குட்டை'ன்னு ஒதுக்கினது யாரு? மெஷின். ஆச்சியோட தொடைக்கு அது குட்டை இல்லை. நால்பைண்டிங் ஊசிக்கும் ரெண்டு முழத்துக்கு மேல தேவையே இல்லை. நாலு வருஷமா மெஷினுக்கு ஏத்த மாதிரி மெட்டீரியலைத் தேர்ந்தெடுக்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. மெட்டீரியலுக்கு ஏத்த மெஷின்னு ஒரு கேள்வி இதுவரைக்கும் எந்த இன்டர்னல்லயும் வரலை.

அதுக்காக, 'ஊசியை எடுங்க, கருங்கண்ணியைக் காப்பாத்துவோம்'னு நான் டயலாக் விட மாட்டேன். ஒரு கை அகலப் பை பின்ன எனக்கு 11 நாள் ஆச்சு. ஆச்சி உருட்டின நூல் கணக்குல வராமலே! இதை வித்து எங்க அப்பா கடன் கட்ட முடியாது. இந்தப் பஞ்சைக் கையால நூற்று, கைத்தறியில நெய்து, சட்டையா விக்கிற சில அமைப்புகள் தமிழ்நாட்டுல இருக்கு. சென்னையோட 'துலா' அதுல ஒண்ணு. அந்த வழியில எத்தனை ஏக்கர் திரும்பி வரும்னு அப்பா கேட்டா என்கிட்டே பதில் இல்லை.

மறந்துட்டேனே, கத்தரிக்கோல் டெஸ்ட்! முதல்ல பின்னின கோணல் துண்டை நட்ட நடுவுல வெட்டினேன். ஓரத்துல ரெண்டு மூணு துணுக்கு நூல் நீட்டிக்கிச்சு, அவ்வளவுதான். சாக்ஸ்ல ஒரு வளையத்தைப் பிடிச்சு வைக்கிறது அடுத்த வளையம் மட்டும்தான், அது போனா இது போச்சு. இங்கே நூல் முழுசும் ஒவ்வொரு தையலுக்குள்ளயும் புகுந்து வந்திருக்கு. உருவணும்னா ஊசி வந்த வழியிலேயே திரும்பிப் போகணும்.

பையை எங்க வீட்டு சபையில வச்சேன். அம்மா, 'இதுக்கா அரிசி ஊற வைக்காம உட்கார்ந்திருந்தே?'ன்னாங்க. அப்பா வாங்கி, விரலை விட்டு, ரெண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். இந்தப் புரட்டாசியில கூட ரெண்டு வரிசை விதைப்போம்னு ஏதாவது சொல்வார்னு எதிர்பார்த்தேன். சொல்லலை. 'பை நல்லாருக்கு'ன்னார், அவ்வளவுதான். அவரோட மூக்குப்பொடி டப்பா இப்போ அதுலதான் இருக்கு. ஆச்சி இன்னொரு நாலு முழம் உருட்டி வச்சிருக்காங்க. அவங்க கண்ணாடிக்கு ஒண்ணு வேணுமாம்.