நெட் போகல, தேதி போச்சு

திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மணவாள நகர் போன்ற இடங்களில், காலை நேரத்து பிரவுசிங் சென்டரில் இது பழகிய காட்சி. நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர் பிஎஃப் பாஸ்புக் எடுக்க உட்காருகிறார். வருவது பாஸ்புக் அல்ல. சிவப்பு முக்கோணமும், இணைப்பு பாதுகாப்பாக இல்லை என்ற எச்சரிக்கையும்.

"நெட் போச்சாண்ணே?"

கடைக்காரர் மோடம் பக்கம் திரும்பவே மாட்டார். திரையின் கீழ் மூலையைப் பார்ப்பார். அங்கே 2015 ஜனவரி 1 என்றிருக்கும். "நெட் போகலப்பா, தேதி போச்சு."

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் நேரத்தை நினைவில் வைத்திருப்பது மதர்போர்டில் உள்ள ஒரு பட்டன் பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032 ரகம்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அது தீர்ந்தால் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடும். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. சீசன் டிக்கெட் மாதிரி, அதில் தொடங்கும் நாளும் முடியும் நாளும் இருக்கும். 2015-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய டிக்கெட் இன்னும் தொடங்காத டிக்கெட், பிரவுசர் ஏற்றுக்கொள்ளாது. இந்தச் சான்றிதழ்களின் ஆயுளும் சுருங்கி வருகிறது: 2020 செப்டம்பரில் அதிகபட்சம் 398 நாளாகக் குறைந்தது, 2029-இல் அது 47 நாளாகப் போகிறது.

தேதி சரியாக இருந்தும் வங்கிப் பக்கத்தில் இதே எச்சரிக்கை வந்தால் கதையே வேறு. 'பரவாயில்லை, உள்ளே போ' என்ற பொத்தானை அங்கே அழுத்தவே கூடாது.

எந்தப் பிழை வந்தாலும் மோடத்தைப் பிடுங்கிச் செருகுவது நம் வழக்கம். சிக்கிக்கொண்ட மோடம் அதில் சரியாகும் என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் தளத்தை நோக்கிய பயணம் எந்த இடத்தில் அறுந்தது என்பதைப் பிரவுசரே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. நாம்தான் படிப்பதில்லை.

ஆட்டோக்காரரிடம் கடையின் பெயரைச் சொன்னால் போதும். கம்ப்யூட்டருக்குக் கதவு எண் வேண்டும். தளத்தின் பெயருக்கு எண் எடுத்துத் தரும் டிஎன்எஸ் முறையை 1983-இல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். பிழைச் செய்தியில் டிஎன்எஸ் என்ற எழுத்துகள் தெரிந்தால், எண் கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் முகவரியில் எழுத்துப்பிழை உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் எண்ணை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என மாற்றிப் பார்க்கலாம்.

எண் கிடைத்து, கதவைத் தட்டியும் பதிலே வராவிட்டால் 'டைம்டு அவுட்'. விண்ணப்பத்தின் கடைசி நாள் இரவில் அதிகம் தென்படுவது இதுதான். கூட்டம் அந்தப் பக்கம் என்றால் இங்கே மோடத்தைப் பிடுங்கி என்ன பயன்? 500, 502, 503 என்று ஐந்நூறில் தொடங்கும் எண்களும் தளத்துக்காரர்கள் வீட்டுச் சிக்கலே. 404 என்றால் இணைப்பு நன்றாகவே இருக்கிறது, கேட்ட பக்கம்தான் அங்கே இல்லை.

2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நின்றபோது, பலர் போனை அணைத்து அணைத்துப் போட்டார்கள். கோளாறு அந்த நிறுவனத்தின் பராமரிப்பு வேலையில் நேர்ந்தது. அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் பாதையே இணையத்திலிருந்து மறைந்துபோனது. அது சரியாவதற்குச் சுமார் ஆறு மணி நேரம் பிடித்தது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதோ, தன் கடலடி கேபிள் ஒன்று பாதிக்கப்பட்டதாக ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. கடலுக்கடியில் அறுந்ததற்கு வீட்டு மோடம் என்ன செய்யும்?

கோளாறு எந்தப் பக்கம் என்று அறிய எளிய வழி உண்டு. அதே தளத்தை வைஃபை அணைத்து, போன் டேட்டாவில் திறந்து பார்ப்பது. அங்கே திறந்தால் சிக்கல் நம் லைனிலோ சிஸ்டத்திலோ இருக்கிறது. அங்கும் திறக்காவிட்டால் டீ குடித்துவிட்டு வரலாம்.

பிரவுசிங் சென்டரில் கடைக்காரர் தேதியைத் திருத்தி, பக்கத்தை ரீலோட் செய்கிறார். பாஸ்புக் வந்துவிடுகிறது. பேட்டரி இன்னும் மாற்றவில்லை. நாளை காலை சுவிட்சைப் போட்டால் மறுபடி 2015 ஜனவரி 1.