லாங் வீல்பேஸ் கார்: கூடுதல் 11 செ.மீ. எங்கே போகிறது? ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுமா?

சொகுசு கார் வாங்கப் போகிறவர்கள் இப்போது மைலேஜுக்கு முன்னால் கேட்கும் கேள்வி, “வீல்பேஸ் எவ்வளவு?” முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையம் வரை உள்ள தூரம்தான் வீல்பேஸ். ஹைவேயில் இது சுகம். அரக்கோணம் பஜார், திருத்தணி மலைப்பாதை மாதிரி இடங்களில் எப்படி?

எவ்வளவு நீளம்?

பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ் லாங் வீல்பேஸ் (530 எல்ஐ) 2024 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் தயாராகிறது. அறிமுக விலை 72.9 லட்சம் ரூபாய் (எக்ஸ்-ஷோரூம்). 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 258 குதிரைத்திறன். மொத்த நீளம் 5,165 மி.மீ.; வீல்பேஸ் 3,105 மி.மீ. வெளிநாடுகளில் விற்கும் சாதாரண 5 சீரிஸுக்கு வீல்பேஸ் 2,995 மி.மீ. ஆக, கூடுதல் 110 மி.மீ., அதாவது 11 செ.மீ. போட்டிக் காரான மெர்சிடிஸ் இ-கிளாஸின் லாங் வீல்பேஸ் 3,094 மி.மீ.

யாருக்கு லாபம்?

பின்சீட்டில் உட்காருபவருக்கு. பின்கதவும் அதை ஒட்டிய தளமும்தான் நீள்கின்றன. கால் நீட்டிக்கொள்ளலாம், ஏறி இறங்குவதும் சுலபம். டிரைவருக்கு இதனால் பெரிய வித்தியாசம் கிடையாது.

அடி தட்டுமா?

இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆர வளைவு இருக்க வேண்டும். அதன் மேல் நான்கு சக்கரமும் நிற்கும்போது, காரின் நடுவில் மேடு சக்கர மட்டத்தைவிட சுமார் 7.1 செ.மீ. எழும்பியிருக்கும். சாதாரண வீல்பேஸ் என்றால் 6.6 செ.மீ. வித்தியாசம் அரை செ.மீ.தான்!

சிக்கல், தெருவில் இஷ்டத்துக்குக் கட்டிய குறுகலான மேடுகளில். அந்த மேடு இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் முழுசாக வந்துவிடும். அப்போது எந்தக் காராக இருந்தாலும் மேட்டின் முழு உயரத்தையும் தாண்டியாக வேண்டும். அங்கே கைகொடுப்பது கிரவுண்ட் கிளியரன்ஸ் மட்டும்தான். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய லக்கேஜ் என்றால் அதுவும் குறையும்.

வளைவில்?

ஸ்டீயரிங்கை ஒரே அளவு திருப்பினாலும், வீல்பேஸ் நீண்ட கார் சுமார் 4 சதவீதம் பெரிய வட்டம் போடும். குறுகலான திருப்பத்தில் பின்சக்கரம் உள்பக்க ஓரத்தில் ஏறப் பார்க்கும். இதைச் சமாளிக்கத்தான் சில சொகுசு கார்களில் பின்சக்கரமும் கொஞ்சம் திரும்புகிறது.

என்ன கேட்கணும்?

ஷோரூமில் வீல்பேஸோடு சேர்த்து, ஆள் ஏறிய பிறகு கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு, யூ-டர்ன் எடுக்க எத்தனை மீட்டர் வேண்டும் என்றும் கேளுங்கள். குடும்பத்தோடு ஐந்து பேராக ஏறி, தினமும் போகிற தெருவிலேயே டெஸ்ட் டிரைவ் எடுப்பது நல்லது.