கைபேசியும் கம்பிவழிக் கருவியும்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஓய்வூதியம் பெறும் முதியோர், தாம் உயிருடன் இருத்தற்குச் சான்று தர ஆண்டுதோறும் அலுவலகம் நாடிச் செல்வது நெடுநாள் வழக்கமாயிருந்தது. 2014ஆம் ஆண்டில் அச்சான்று கணினி வழியதாயிற்று; 2020 நவம்பர் முதல் அஞ்சற்காரர் இல்லம் தேடி வந்து, கைபேசியோடு கைரேகைக் கருவியொன்றைக் கம்பியால் இணைத்து அதனைப் பெற்றுத் தருவதுமுண்டு. அவ்விணைப்பின் இயல்பை ஈண்டு ஆராய்வாம்.

அக்கம்பி 1996இல் வகுக்கப்பெற்ற யுஎஸ்பி முறையைச் சார்ந்தது. இதில் தலைமைக் கருவி வினவிய பின்னரே மற்றது விடையிறுக்கும். கணினிக்குரிய அத்தலைமையை ஆண்ட்ராய்டுச் செயலிகளுக்கு அவ்வியங்குதளத்தின் 3.1ஆம் பதிப்பு 2011இல் வழங்கிற்று.

ஆயினும் சி மொழியில் எழுதிய பகுதி, கருவியைத் தானே நேரே திறக்க முயலின், இயங்குதளம் மறுத்துவிடும். முதற்கண் ஜாவாப் பகுதி, கைபேசியைக் கையாள்பவரிடம் இசைவு கேட்டல் வேண்டும். இசைவு பெற்றுத் திறந்ததும், அவ்விணைப்பைக் குறிக்கும் எண்ணொன்று கிடைக்கும். அதனை ஏற்று, லிப்யுஎஸ்பி என்னும் நிரல் நூலகத்தின் துணையால் சி பகுதி கருவியோடு உரையாடலாம். இதற்குரிய செயற்கூறு அந்நூலகத்தில் 2019இல் சேர்ந்தது. உரையாடல் முடியுங்காறும் ஜாவாப் பகுதி இணைப்பை மூடலாகாது.

இத்துணைத் தடை எற்றுக்கெனின், இஃதின்றேல் பிறிதொரு செயலி எவரும் அறியாமலே கருவியைத் திறத்தல் கூடும். கடவுச்சொல் களவுபோயின் மாற்றலாம், கைரேகையை மாற்றலாகாது. ஆதலின், இசைவு கேட்கும் அச்சிறு வினாவைப் படியாது ஒப்புதல் தகாதென்பதை மாணாக்கர் உளங்கொள்வாராக.